தேய்வு என்றொரு சொல்



இந்த இலக்கியத் தொடரிலே எனக்கு முன்னர் பேசியவர்கள் காவியங்களையும் கவிஞர்களையும் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரேயொரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் ஆங்கிலச் சொல். அதுவும் இன்று அநேகமாக எவரும் எழுதாத விஞ்ஞானச் சொல். தமிழ் படிப்பிக்கிறவருக்கு இந்த வேலை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டு போனால், அது கிரேக்கத்தையும் வடநாட்டையும் சுற்றிக்கொண்டு என்னுடைய ஊராகிய மயிலிட்டியின் கடற்கரையிலே வந்து நிற்கிறது. அதனாலேதான் எடுத்தேன்.

எழுத்துக்களைச் சொல்கிறேன். கையில் பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். பீ, எச், ரீ, எச், ஐ, எஸ், ஐ, சீ, ஏ, எல். மொத்தம் பத்து எழுத்து. முதல் நான்கும் மெய்யெழுத்துக்கள். உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பழைய ஆங்கிலப் புத்தகமொன்றில் இதைக் கண்டு, துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டுவந்து, "சேர், இதை எங்கே வைத்துப் பிரிக்கிறது?" என்று கேட்டார். பொருளைக் கேட்கவில்லை, பிரிப்பதைத்தான் கேட்டார். நல்ல கேள்வி.

இது ஒரு பெயரடை. காசநோய் பிடித்த, காசநோய்க்குரிய, காசநோயாளியின் தோற்றமுள்ள என்று இடத்துக்கேற்பப் பொருள் தரும். இதன் பெயர்ச்சொல்லை 'தைசிஸ்' என்று ஆங்கிலேயர் சொல்வார்கள். பெயரடையையோ 'ரிஸிக்கல்' என்பார்கள். 'ரீச்சர்' என்னும்போது வருகிற ரகர ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது நான்கு மெய், சொல்வது ஒன்று. இதற்கும் ஒரு கதை உண்டு. இடைக்கால ஆங்கிலத்திலே இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தபோது 'ரிசிக்' என்று, சொல்லுகிற மாதிரியே எளிமையாகத்தான் எழுதப்பட்டது. பின்னாலே கிரேக்கம் படித்த பண்டிதர்கள் வந்தார்கள். 'மூலத்திலே இருக்கிற எழுத்தை நாம் எப்படி விடலாம்?' என்று இறந்துபோன எழுத்துக்களை எடுத்துவந்து முன்னாலே ஒட்டினார்கள். எழுத்து ஏறியது, ஒலி ஏறவில்லை. பேச்சு அப்படியே இருக்க எழுத்தை மாத்திரம் திருத்துகிற பண்டிதர்கள் எங்களிடம் மட்டும்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம்.

சரி, பிரிப்போம். ஆங்கில அகராதிகளிலே சொல்லின் இடையிடையே புள்ளி வைத்து அசை காட்டியிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் இது மூன்று அசை: 'ரிஸ்', 'இ', 'கல்'. இந்த மூன்று துண்டையும் தனித்தனியே கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்றுக்கும் பொருள் இல்லை. வேர் எங்கே நிற்கிறது என்று பார்த்தால், முதல் அசையின் நடுவிலே நிற்கிறது. கிரேக்கத்திலே 'ஃப்தி' என்பது பகுதி. தேய்தல், குறைதல், நலிதல் என்பது பொருள். 'சிஸ்' என்பது தொழிற்பெயர் விகுதி. எங்கள் 'தல்', 'அல்' மாதிரி. ஆகவே 'ஃப்திசிஸ்' என்றால் தேய்தல். அவ்வளவுதான். அதன்மேலே 'இக்' என்ற கிரேக்கப் பெயரடை விகுதி ஏறியது. அது போதாது என்று இலத்தீனிலிருந்து 'அல்' என்ற இன்னொரு பெயரடை விகுதியும் ஏறியது. ஒரு மாட்டுக்கு இரண்டு மூக்கணாங்கயிறு. அகராதியின் அசைப் பிரிப்பு என்ன செய்கிறதென்றால், விகுதியின் சகரத்தை வெட்டிப் பகுதியோடு ஒட்டிவிடுகிறது. 'இக்' என்பதை நடுவிலே பிளந்து ககரத்தை அடுத்த துண்டோடு சேர்த்துவிடுகிறது.

அகராதிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அசை என்பது வாயினுடைய கணக்கு. பகுதி விகுதி என்பது பொருளினுடைய கணக்கு. இரண்டும் ஒரே இடத்தில் வெட்டவேண்டும் என்று சட்டம் இல்லை. 'ஹெலிகொப்ரர்' என்ற சொல்லை எல்லாரும் 'ஹெலி', 'கொப்ரர்' என்று பிரிக்கிறோம். மூலத்திலே அது 'ஹெலிகோ' என்ற சுழலும், 'ப்தெரோன்' என்ற சிறகும். சுழல்சிறகி. பகரத்தையும் தகரத்தையும் சேர்த்துச் சொல்லின் முதலிலே உச்சரிக்க ஆங்கில வாய் மறுத்ததால், சிறகு நடுவிலே முறிந்துபோயிற்று.

எங்கள் யாப்பிலும் இது நடக்கிறது. 'காசநோய்' என்ற சொல்லை மாணவரிடம் கொடுத்து அசை பிரிக்கச் சொல்லுங்கள். 'கா' நேரசை. 'சநோய்' நிரையசை. நேர் நிரை, கூவிளம். இலக்கணப்படி முழுச் சரி. ஆனால் 'சநோய்' என்று ஒரு நோய் உலகத்திலே இல்லை. 'என்புருக்கி' என்று இந்த நோய்க்குத் தமிழிலே ஒரு பெயர் உண்டு. எலும்பை உருக்குவது என்று பொருள். அசை பிரித்தால் என், புருக், கி. நேர் நிரை நேர், கூவிளங்காய். என்பும் உருகவில்லை, எதுவும் உருகவில்லை. மாறாகக் 'கயரோகி' என்பதைப் பிரித்தால் கய, ரோ, கி; நிரை நேர் நேர், புளிமாங்காய். இங்கே தற்செயலாக முதல் வெட்டு சரியான மூட்டிலே விழுகிறது. கிறீன் வைத்தியர் 1872ஆம் ஆண்டு தமிழிலே வெளியிட்ட உடற்கூற்று நூலின் தலைப்பு 'மனுஷ அங்காதிபாதம்'. அங், கா, திபா, தம். அங்கம், ஆதி, பாதம் என்ற மூன்று நல்ல சொற்கள் நான்கு துண்டாகச் சிதறிவிடுகின்றன. சீர் பிரிக்கிறவர் கவலைப்படத் தேவையில்லை. கலைச்சொல் படிக்கிற பிள்ளைதான் கவலைப்பட வேண்டும். ஏனென்றால் மூட்டுத் தெரியாத சொல்லை மனனம் செய்யலாமே தவிர விளங்கிக்கொள்ள முடியாது.

இனி அந்தக் கிரேக்க வேருக்கு வருவோம். 'தேய்தல்' என்று சொன்னேன். கிரேக்கர் எதையெல்லாம் தேய்கிறது என்றார்கள்? உடம்பை. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களிலே இந்த நோய் பேசப்படுகிறது. பதினெட்டு வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடையில்தான் இது அதிகம் வரும் என்ற குறிப்பும் உண்டு. உடம்பை மாத்திரமல்ல, சந்திரனையும் சொன்னார்கள். அதென்சு நகரத்துப் பஞ்சாங்கத்திலே மாதத்தின் கடைசிப் பத்து நாளுக்குத் 'தேய்கின்ற மாதம்' என்று பெயர். அங்கே வருவதும் இதே வினைச்சொல்தான். எங்கள் தேய்பிறை.

இந்த இடத்திலே உங்களுக்கு ஒரு புராணக் கதை ஞாபகம் வரவேண்டும். தக்கனுடைய மகளிர் இருபத்தேழு பேரை மணந்த சந்திரன், ரோகிணியோடு மாத்திரமே வாழ்ந்தான். மற்றவர்கள் தகப்பனிடம் முறையிட்டார்கள். தக்கன் சபித்தான், சந்திரனுக்குத் தேய்வு நோய் வந்தது. மகாபாரதத்திலே சல்லிய பருவத்தில் இந்தக் கதை வருகிறது. அந்த நோய்க்கு வடமொழியிலே பெயர் க்ஷயம். அரசனாகிய சோமனைப் பிடித்தபடியால் இராசயட்சுமா என்றும் பெயர். கிரேக்கர் ஒரே சொல்லால் நோயையும் பிறையையும் சொன்னது போலவே, வடமொழியாளரும் ஒரே சொல்லால் இரண்டையும் சொன்னார்கள்.

இது வெறும் ஒற்றுமையா? மொழிநூலார் சொல்வது, இரண்டும் ஒரே சொல் என்று. கிரேக்கத்து 'ஃப்தி'யும் வடமொழிக் 'க்ஷி'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். காதுக்கு நம்பமுடியவில்லை அல்லவா? ஒன்றில் பகரமும் தகரமும். மற்றதில் ககரமும் ஷகரமும். ஒலியைக் கேட்டு உறவு சொல்ல முடியாது. ஒழுங்கைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வடமொழியிலே க்ஷகரம் நிற்கிற சில சொற்களில் கிரேக்கம் தகர இனத்து ஒலியைக் காட்டுகிறது. கிரேக்கத்திலே மரவேலை செய்கிறவர் 'தெக்தோன்'; வடமொழியிலே 'தக்ஷன்'. அந்தத் தக்ஷன்தான் எங்கள் தச்சன். கிரேக்கத்துக் கரடி 'அர்க்தொஸ்'; வடமொழிக் கரடி 'ருக்ஷ'. கிரேக்கத்து நிலம் 'க்தோன்'. வடமொழி நிலம் 'க்ஷம்'. ஒன்று இரண்டு என்றால் தற்செயல் எனலாம். வரிசையாக வந்தால் எப்படித் தற்செயலாகும்?

இவற்றில் மூல ஒலி எது, கிரேக்கமா வடமொழியா சரியாகக் காப்பாற்றியது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் வெகுகாலம் தர்க்கித்தார்கள். பதில் மூன்றாம் வீட்டிலிருந்து வந்தது. துருக்கி நாட்டிலே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த களிமண் பலகைகளின் இத்தைத்து மொழியை 1915ஆம் ஆண்டு ஹ்ரோஸ்னி என்ற செக் நாட்டு அறிஞர் படித்து விளக்கினார். அந்த மொழியிலே நிலத்துக்குச் சொல் 'தேகன்'. தகரம் முதலில், ககரம் பின்னால். ஆக, மூலத்திலே தகரமும் ககரமுமாக நின்ற ஒன்றை, கிரேக்கரும் வடமொழியாளரும் ஆளுக்கொரு விதமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. வீட்டுக் காணியிலே இரண்டு பங்காளிகள் எல்லைக்குச் சண்டைபிடிக்க, பழைய உறுதி வேறொருவர் பெட்டியிலிருந்து அகப்பட்டது போல.

இன்னும் ஒன்று. 'அ' என்பது எதிர்மறை முன்னொட்டு. வடமொழியிலும் உண்டு, கிரேக்கத்திலும் உண்டு. க்ஷயத்துக்கு எதிர் அக்ஷயம், தேயாதது. அட்சய பாத்திரம், அட்சய திருதியை எல்லாம் அதுதான். கிரேக்கத்திலும் அதே வேருக்கு முன் அதே அகரத்தை வைத்துத் 'தேயாத புகழ்' என்று ஹோமர் காவியத்தில் ஒரு தொடர் வருகிறது. வேதத்திலும் அதற்கு எழுத்துக்கு எழுத்து உறவான தொடர் வருகிறது. அடல்பேர்ட் கூன் என்ற ஜேர்மன் அறிஞர் 1853ஆம் ஆண்டு இந்தப் பொருத்தத்தைக் கவனித்தார். தேய்வு நோயின் பெயரும் தேயாப் புகழின் பெயரும் ஒரே வேரிலே கிடக்கின்றன. எங்கள் அறுபது வருட வட்டத்தின் கடைசி வருடத்தைக் க்ஷய என்று எழுதுவாரும் உண்டு, அக்ஷய என்று எழுதுவாரும் உண்டு. பொருளோ நேர் எதிர். தமிழ்ப் பஞ்சாங்கம் அட்சய என்கிறது. தேய்வென்ற பெயரோடு ஒரு வருடம் பிறப்பதை ஆர் விரும்புவார்கள்?

இனித் தமிழுக்கு வருவோம். க்ஷயம் என்று சொல்லைத் தொடங்கத் தமிழ் வாய் ஒப்பாது. இரண்டு மெய் சேர்ந்து மொழிக்கு முதலாகாது. நன்னூலார் பதவியலின் இறுதியிலே வடமொழியாக்கம் சொல்லும்போது க்ஷகரம் இரண்டு ககரமாகும் என்கிறார், பக்ஷம் பக்கமாகும். முதலிலே இரட்டிக்க வழியில்லாதபடியால் ஒற்றைக் ககரம் நிற்கும். க்ஷீரம் கீரமாவது போலக் க்ஷயம் கயமாயிற்று. ஆங்கில வாய் நான்கு மெய்யைத் தகர்த்து ஒன்றாக்கியது போல, எங்கள் வாயும் தன் பங்குக்குத் தகர்த்தது. ஆனால் ஒரு வித்தியாசம். ஆங்கிலேயர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டார்கள். நாங்கள் ஒலியை விட்டபோது எழுத்தையும் விட்டோம். நன்னூலாருக்கு நன்றி.

இதனால் வேறொரு தொல்லை வந்தது. தமிழிலே ஏற்கெனவே ஒரு கயம் உண்டு. குளம், ஆழ்ந்த நீர்நிலை. கஜம் என்ற யானையும் தமிழிலே கயமாயிற்று. இப்போது நோயும் கயம். ஒரே வாசலால் மூவர் வந்து நிற்கிறார்கள். இதனாலேதான் போலும், நோயைச் சொல்லும்போது கயரோகம், கயநோய் என்று வால் ஒன்றைச் சேர்த்தே சொன்னார்கள். பேச்சிலே யகரம் சகரமாகிறது உங்களுக்குத் தெரியும். முயல் முசலாகும், உயிர் உசிராகும். அந்த வழியாலே கயமும் 'கசம்' ஆயிற்று. எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் சொன்னது இந்தச் சொல்தான். கசம்.

இன்று பாடப்புத்தகத்திலும் வைத்தியசாலைப் பலகையிலும் இருக்கிற 'காசநோய்' வேறு. காசம் என்பதும் வடமொழியே. இருமல் என்று பொருள். ஜேர்மன் மொழியில் இருமலுக்குச் சொல்லாகிய 'ஹூஸ்டன்' இதற்கு உறவு. கசமும் காசமும் காதுக்கு அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் பிறப்பிலே உறவில்லை. ஒன்று தேய்வு, மற்றது இருமல். சிங்களத்திலே இந்த நோய்க்குப் பெயர் க்ஷய ரோகய. ஆங்கிலத்தில் 'ரியூபர்குலோசிஸ்', இலத்தீனிலே 'ரியூபர்' என்றால் புடைப்பு, கட்டி, அதன் சிறுமை வடிவத்தோடு கிரேக்க விகுதி சேர்ந்தது. ஷொன்லைன் என்ற ஜேர்மன் வைத்தியர் 1839இல் வழங்கிய பெயர். 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் திகதி ரொபேர்ட் கொஹ் பெர்லினிலே நோய்க்கிருமியை அறிவித்தபின் அந்தப் பெயரே நிலைத்தது. எங்கள் 'ரிஸிக்கல்' மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஆகவே மும்மொழிப் பலகை ஒன்றின் முன்னாலே நின்றால், சிங்களம் தேய்வைச் சொல்கிறது, தமிழ் இருமலைச் சொல்கிறது, ஆங்கிலம் கட்டியைச் சொல்கிறது. ஒருவர் உடம்பைப் பார்த்தார், ஒருவர் காதாலே கேட்டார், ஒருவர் நெஞ்சைப் பிளந்து நுரையீரலைப் பார்த்தார். ருஷ்யாவில் மாத்திரம் காசநோய் வைத்தியரை இன்றும் 'ஃப்திசியாத்தர்' என்கிறார்கள். கிரேக்க வேர் அங்கே உயிரோடிருக்கிறது.

மயிலிட்டி என்றால் பலருக்கு நினைவு வருவது மீன்பிடித் துறைமுகம். இன்னும் கொஞ்சம் வயது போனவர்களுக்குக் காசநோய் ஆஸ்பத்திரி நினைவு வரும். காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடலோரமாக இருந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலத்திலே இந்த நோய்க்கு வைத்தியம் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சாப்பாடு. அதனாலே மலைமேலும் கடலோரத்திலும் சனற்றோரியம் கட்டுவது உலக வழக்கம். சென்னைக்குப் பக்கத்திலே டொக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கியதன் பெயராலே தாம்பரம் சானடோரியம் என்று புகையிரத நிலையமே இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியுமோ! 'சனாரே' என்றால் இலத்தீனிலே சுகப்படுத்துதல். பெயரிலே சுகம் இருந்தாலும் சனங்களின் மனதிலே அது பயத்தின் பெயர். "அந்தப் பக்கத்தாலை பஸ் போகேக்கை மூச்சை அடக்கிப் பிடிச்சுக்கொண்டிருப்பம்" என்று என் அம்மம்மா சொல்லுவார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஸ்ரெப்ரோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது. புதுமைப்பித்தன் இதே நோயாலே 1948இல் மறைந்தார், வயது நாற்பத்திரண்டு. மருந்து பிறந்தது ஒன்று, மருந்து மனிதனுடைய கைக்கு வருவது இன்னொன்று. பின்பு சென்னையிலே 1956இல் தொடங்கிய ஆய்வொன்று, வீட்டிலிருந்து மருந்து எடுத்தவர்களும் சனற்றோரியத்திலே படுத்திருந்து எடுத்தவர்களும் ஒரேயளவு சுகப்பட்டார்கள் என்று 1959இல் காட்டியது. அதன் பிறகு உலகெங்கும் சனற்றோரியங்களின் தேவை குறைந்தது. மயிலிட்டிக்கு வந்த முடிவு வேறு. 1990 யூனிலே ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. எனக்கு அப்போது பத்து வயது. துறைமுகப் பகுதி திரும்பக் கிடைத்தது 2017 யூலை 3ஆம் திகதி. இருபத்தேழு வருடம். இது பற்றிப் பேச வேறு நாள் வேண்டும். இன்று சொல்லோடு நிற்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். அந்த ஆங்கிலச் சொல் பெயரடை என்றேன். பெயரடையாக இருந்ததுதான் அதன் ஆபத்து. 'தைசிஸ்' என்று பெயராக நிற்கும்போது அது நோய். மனிதனுக்கு வெளியே இருந்து வருவது, வந்ததுபோலப் போகவும் கூடியது. பெயரடையானவுடனே அது மனிதனில் ஒட்டிக்கொள்கிறது. பழைய ஐரோப்பிய மருத்துவத்திலே 'தேய்வுடம்பு' என்று ஓர் உடல்வாகையே வகுத்து வைத்திருந்தார்கள். நீண்ட கழுத்து, தட்டை மார்பு, செட்டை மாதிரி வெளியே தெரிகிற தோள்பட்டை எலும்பு. இப்படி உள்ளவனுக்கு நோய் வராவிட்டாலும் அவன் நோய்க்காரன்தான். அவனுடைய பிள்ளையும் நோய்க்காரன். கொஹ் கிருமியைக் காட்டும்வரைக்கும் இது பரம்பரை வியாதி என்று படித்தவர்களே பரவலாக நம்பினார்கள். ஒரு பெயரடை குடும்பப் பெயராகிவிட்டது.

எங்கள் இடத்திலும் அதுதான் நடந்தது. எங்கள் அயலிலே ஒருவர் இருந்தார். இளவயதிலே கசம் பிடித்து ஆஸ்பத்திரியிலே பல மாதம் கிடந்து, ஊசி போட்டுச் சுகமாகி வந்தவர். பிறகு கடலுக்குப் போனார், கலியாணம் முடித்தார், பேரப்பிள்ளை கண்டார். நோய் போய் நாற்பது வருடத்துக்குப் பிறகும் ஊரிலே அவருக்குப் பெயர் 'கசக்காரன்'. மகளுக்குச் சம்பந்தம் பேசிவந்த இடத்திலே அந்தச் சொல் ஒருமுறை காதிலே விழுந்து, வந்தவர்கள் தேத்தண்ணியோடு திரும்பிவிட்டார்களாம். கிருமி சாகிறதற்கு மருந்து இருந்தது. விகுதி சாகிறதற்கு மருந்து இல்லை.

இலக்கணம் படிப்பிக்கிறவருடைய கண்ணாலே இதைப் பார்க்கிறேன். கயரோகி, கசக்காரன், நோயாளி, இவையெல்லாம் பெயர்கள். பெயர் காலம் காட்டாது. ஆங்கிலப் பெயரடையும் காலம் காட்டாது. எப்போது பிடித்தது, இப்போது இருக்கிறதா, போய்விட்டதா என்று அந்தப் பத்து எழுத்தையும் எத்தனை துண்டாகப் பிரித்தாலும் தெரியாது. எங்கள் குறிப்புப் பெயரெச்சத்துக்கும் இதே குறை உண்டு. 'நோயுடைய' என்றால் காலம் வெளிப்படையாகத் தெரியாது. ஆனால் தமிழிலே அடையாக வருகிற பெரும்பங்கு தெரிநிலைப் பெயரெச்சம். அது வினையிலிருந்து பிறப்பது, காலத்தைத் தன்னோடு கொண்டு வருவது. 'காசநோய் வருகிற' வேறு, 'வந்த' வேறு. பகுதிக்கும் விகுதிக்கும் நடுவிலே ஓர் இடைநிலை நின்று நாள் குறித்துக்கொண்டிருக்கிறது. 'வந்த' என்பதைப் பிரித்துப் பாருங்கள். வா என்பது பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், தகரமெய் சந்தி, அது நகரமெய்யானதும் விகாரம், அடுத்த தகரமெய் இறந்தகால இடைநிலை, அகரம் பெயரெச்ச விகுதி. ஓரெழுத்தளவு இடத்திலே ஒரு நோயின் முடிவைச் சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்திலிருந்து கலைச்சொல் பெயர்க்கும்போது நாங்கள் இந்த வசதியைக் கைவிட்டுவிடுகிறோம். அங்கே பெயரடை இருக்கிறதென்று இங்கேயும் ஒரு பெயரடையைத் தேடுகிறோம். 'சார்', 'இயல்', 'உறு' என்று ஏதோ ஒன்றை ஒட்டி ஓர் இறுகிய சொல்லை உண்டாக்குகிறோம். பொருளுக்கு, உலோகத்துக்கு, தாவரத்துக்கு அது சரி. 'இருவித்திலைத் தாவரம்' என்றால் அது நேற்றும் இருவித்திலை, நாளையும் இருவித்திலை. காலம் அங்கே வேண்டியதில்லை. நோய் அப்படியானதா? காசநோய்க்கு இன்றைய வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் நான்கு மாதம் இரண்டு மருந்து. ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலும் முற்றாகச் சுகமாகும். ஆறு மாதத்திலே போகிற ஒன்றுக்கு ஆயுள் முழுவதும் நிற்கிற சொல்லைக் கொடுப்பது மொழிபெயர்ப்பாளர் செய்கிற கொடுமை. அறியாமற் செய்வதுதான்; ஆனாலும் கொடுமை.

சிலர் சொல்வார்கள், சொற்றொடர் நீளம், சொல் சுருக்கம், அதனாலே சொல்லே நல்லது என்று. கடிதத் தலைப்புக்கும் பத்திரிகைத் தலையங்கத்துக்கும் சுருக்கம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மனிதனுக்கு முன்னாலே நின்று பேசும்போது இரண்டு அசை கூடினால் ஆருக்கு நட்டம்?

இந்த நுட்பம் இலக்கண நூலிலே படித்தவர்களுக்குத்தான் தெரியும் என்றுமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பஸ்ஸிலே போன அதே அம்மம்மா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். நான் சொன்ன அந்த அயலவரை ஊர் எல்லாம் கசக்காரன் என்றது. அம்மம்மா அவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லும்போதெல்லாம் சொன்ன தொடர் வேறு: "கசம் வந்து மாறின மனிசன்." 'வந்து' இறந்தகால வினையெச்சம். 'மாறின' இறந்தகாலப் பெயரெச்சம். எங்கள் பக்கத்திலே வருத்தம் மாறுவது என்றால் சுகமாவது. இரண்டு இறந்தகாலத்துக்கும் பிறகு, எந்த ஒட்டும் இல்லாமல், மனிசன்.